உண்ணாமல் இருப்பது வேறு, இழிவு சொல்வது வேறு



கொஞ்சக் காலமாக நம்மவர்கள் வியட்நாமுக்குச் சுற்றுலா போய் வருகிறார்கள். போய் வந்தவர்கள் படம் போடுகிறார்கள். போகாதவர்கள் காணொளி பகிர்கிறார்கள். தலைநகர் ஹனோயின் உணவகம் ஒன்றைக் காட்டும் காணொளி வந்துவிட்டால் போதும், கீழே கருத்துகள் வரிசை கட்டுகின்றன. "ச்சீ", "இதையெல்லாம் மனிசன் தின்பானா", "நாத்தம் இஞ்ச வரைக்கும் வருது". எழுதுகிறவர்களில் நம்மிடம் படித்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் இதைப் பார்த்தும் பார்க்காதது போலப் போனால் வேறு யார் பேசுவது?

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஹலால் விடயத்தில் விட்டுக்கொடுக்கச் சொல்லி இதை எழுதவில்லை. பன்றி ஹராம். முறைப்படி அறுக்கப்படாத மாடும் கோழியும் நமக்கு ஆகாது. அதில் இரண்டாம் பேச்சே கிடையாது. ஆனால் வாய்க்குள் போவதற்கு எல்லை இருப்பது போல, வாயிலிருந்து வெளியே வருவதற்கும் எல்லை இருக்கிறது. முதல் எல்லையை நம் பிள்ளைகள் நன்றாகவே அறிந்து வைத்திருக்கிறார்கள். இரண்டாவதைத்தான் மறந்துகொண்டு வருகிறார்கள்.

நாம் எதைப் பார்த்து "ச்சீ" சொல்கிறோம் என்பதையாவது முதலில் தெரிந்துகொள்வோம்.

ஹனோயில் தாம் வி என்றொரு உணவகம் இருக்கிறது. பிரான்சில் டயர் செய்யும் மிஷெலின் கம்பனி உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் வழிகாட்டிப் புத்தகம் ஒன்றை வெளியிடுவது பலருக்கும் தெரிந்திருக்கும். சமையல் உலகில் அதைவிடப் பெரிய பெயர் இல்லை என்று சொல்வார்கள். அந்த வழிகாட்டி 2023 ஜூன் மாதத்தில்தான் முதன்முதலாக வியட்நாமுக்கு வந்தது. ஹனோய், ஹோ சி மின் நகர் இரண்டையும் சல்லடை போட்டுப் பார்த்து நான்கே நான்கு உணவகங்களுக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தார்கள். மூன்று ஹனோயில், ஒன்று ஹோ சி மின் நகரில். அந்த நான்கில் தாம் வி ஒன்று.

அங்கே என்ன விற்கிறார்கள் தெரியுமா? வடக்கு வியட்நாமின் வீட்டுச் சாப்பாடு. உம்மாமார் அடுப்படியில் அன்றாடம் ஆக்குவது. வயல் நண்டை இடித்து வடித்துக் காய்ச்சும் கீரைச் சூப், நத்தையும் பன்றி இறைச்சியும் இஞ்சி இலை வாசத்தோடு சேரும் ஒரு வகை, ஊறவைத்த சின்னக் கத்தரிக்காய், பக்கத்தில் வெறும் சோறு. இதில் பாதி நமக்கு ஆகாது. ஆனால் 1954 வரை அந்த மண்ணை ஆண்டுவிட்டுப் போன பிரான்சிலிருந்து ஒரு வழிகாட்டி வந்து, அந்த மண்ணின் ஏழை வீட்டுச் சாப்பாட்டுக்கு எழுந்து நின்று மரியாதை செய்துவிட்டுப் போயிருக்கிறது. அந்தச் சனம் தங்கள் அடுப்படியை நினைத்து வெட்கப்படவில்லை. அதனால்தான் அது நடந்தது.

வடக்கு வியட்நாமியச் சமையல் எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு கீரையே போதும். ராவ் முவொங் என்பார்கள். வேறொன்றுமில்லை, நாம் சந்தையில் கட்டுக்கட்டாக வாங்குகிற கங்குன்தான். நாம் அதை வெங்காயம், கொச்சிக்காய், மாசி போட்டு வதக்குவோம். ஹனோய் வீடுகளில் கொதிக்கிற தண்ணீரில் போட்டுப் பச்சை நிறம் மாறாமல் எடுத்துவிடுவார்கள். அவித்த தண்ணீரை ஊற்றிவிட மாட்டார்கள். அதில் புளிப்புக்காகத் தேசிக்காய் பிழிவார்கள், அல்லது சௌ என்கிற புளிப்புக் காயைப் போட்டு நசுக்குவார்கள். அந்தத் தண்ணீர்தான் அன்றைய சூப். ஒரு கட்டுக் கீரையில் இரண்டு பதார்த்தம். ஊரை விட்டுப் போன ஒருவன் இந்தக் கங்குன் சூப்பையும் ஊறவைத்த கத்தரிக்காயையும் நினைத்து ஏங்குகிற நாட்டார் பாடல் அங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும்.

தெற்கு வியட்நாமில் தென்னை உண்டு, கரும்பு உண்டு. அதனால் அங்கே தேங்காய்ப்பாலும் சீனியும் தாராளம். நம் வாய்க்கு அது உடனே பிடிக்கும். அங்கே கோழிக்கறிக்குக் "கா ரி" என்றுதான் பெயர். இந்திய வணிகர்கள் கொண்டுபோன சொல்லும் சுவையும் அது. வடக்கில் அப்படியில்லை. சிவப்பு ஆற்றின் சமவெளி, குளிர்காலத்தில் உண்மையாகவே குளிரும் இடம். தேங்காய்ப்பால் பெரிதாக இல்லை, சீனி குறைவு, உறைப்பும் குறைவு. மிளகு, இஞ்சி, வினாகிரி, சதகுப்பைக் கீரை, நெத்தலியையும் உப்பையும் மாதக் கணக்கில் ஊறவைத்து வடித்த மீன் சாறு. இவ்வளவுதான். பொருளின் சொந்தச் சுவை தெரிய வேண்டும், மசாலா அதை மூடிவிடக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. உறைப்புக்குப் பழகிய நாம் அதைச் "சப்பென்று இருக்கு" என்போம். நம் ஆணத்தை அவர்கள் வாயில் வைத்தால் கண்ணில் தண்ணீர் வரும். இரண்டு பேரும் சமையல் தெரியாதவர்கள் என்று ஆகிவிடாது.

உலகமெல்லாம் பெயர் பெற்ற ஃபோ என்கிற நூடில்ஸ் சூப்பின் கதையும் கேட்க வேண்டியது. அதன் பிறப்பு ஹனோயும், அதற்குத் தெற்கே இருக்கிற நாம் தின் பகுதியும் என்று சொல்வார்கள். முன்பெல்லாம் வியட்நாமிய விவசாயிக்கு மாடு என்றால் உழவுக்குத்தான். அறுத்துச் சாப்பிடுவது அபூர்வம். பிரெஞ்சுக்காரர்கள் வந்த பிறகு அவர்களுக்காக மாடு அறுக்கப்பட்டது. நல்ல இறைச்சி அவர்களுக்குப் போனது. எலும்பு மிஞ்சியது. அந்த எலும்பை இரவு முழுக்கக் காய்ச்சி, சுட்ட இஞ்சி, சுட்ட வெங்காயம், நட்சத்திரச் சோம்பு, கறுவா, பெரிய ஏலம் போட்டு, அரிசி நூடில்சின் மேல் ஊற்றித் தோளில் காவிக்கொண்டு தெருத் தெருவாக விற்றார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்படிப் பிறந்ததுதான் ஃபோ. ஆள வந்தவன் மேசையிலிருந்து மிஞ்சியதை வைத்து ஒரு சனம் தன் பெயரை உலகத்துக்குச் சொல்லியிருக்கிறது. அதில் விழுகிற கறுவா நம் நாட்டுக் கறுவாவின் தடித்த பட்டையுள்ள உறவுக்காரன் என்பதையும் சேர்த்துச் சொல்லி வைக்கிறோம்.

1954இல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது வடக்கிலிருந்து எட்டு, ஒன்பது இலட்சம் பேர் தெற்கே போனார்கள். ஃபோவும் அவர்களோடு போனது. தெற்கில் அதன் பக்கத்தில் பயற்றம் முளையும் துளசி வகைகளும் இனிப்புச் சோசும் வந்து சேர்ந்தன. வடக்கில் இன்றைக்கும் தெளிந்த சூப், அகலமான நூடில்ஸ், நிறைய வெங்காயத் தாள், வேண்டுமானால் வெள்ளைப்பூடு ஊறிய வினாகிரி, அவ்வளவுதான். எது சரியான ஃபோ என்று இரண்டு பக்கத்தாரும் இன்னும் வாதாடுகிறார்கள். புரியாணிக்கு உருளைக்கிழங்கு போடலாமா கூடாதா என்று நம் வீடுகளில் நடக்கிற சண்டை மாதிரித்தான்.

வடக்கு பசியையும் நன்றாகவே அறிந்த மண். 1944, 1945 ஆண்டுகளில் அங்கே வந்த பஞ்சத்தில் இறந்தவர்களின் தொகையை நான்கு இலட்சத்திலிருந்து இருபது இலட்சம் வரை மதிப்பிடுகிறார்கள். பிறகு போர். போர்க்காலத்தில் ஹனோயின் அரசாங்கக் கடைகளில் இறைச்சியே இல்லாத ஃபோ விற்றார்கள். மேலே பறந்து உளவு பார்த்த அமெரிக்க ஆளில்லா விமானங்களை நினைத்து, அதற்கு "விமானி இல்லாத ஃபோ" என்று சனம் பெயர் வைத்தது. பசியிலும் ஒரு சிரிப்பு. போர் முடிந்த பிறகும் 1986இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரை எல்லாம் கூப்பனுக்குத்தான். எழுபதுகளில் பாணுக்கு வரிசையில் நின்ற நம் வாப்பாமாருக்கும், 2022இல் காஸ் சிலிண்டரோடு வீதியில் படுத்துக் கிடந்த நமக்கும் இது விளங்காத கதையல்ல. கங்குன் அவித்த தண்ணீரை ஊற்றாமல் வைத்துக் குடித்த சனத்தைப் பார்த்துச் சிரிக்க நமக்கு எப்படி வாய் வருகிறது?

இனி அவர்கள் சாப்பிடும் முறை. வட்டமான ஒரு தட்டு. மாம் என்று பெயர். கறிகளையெல்லாம் அதில் வைப்பார்கள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு சின்னக் கிண்ணத்தில் மீன் சாறு. குடும்பம் சுற்றி உட்காரும். வடக்குக் குடும்பங்களில் சாப்பிடத் தொடங்கும் முன் வீட்டில் வயது குறைந்த பிள்ளை ஒவ்வொரு பெரியவரையும் உறவு சொல்லிப் பெயர் பெயராக அழைக்க வேண்டும். மூத்தம்மா சாப்பிடுங்கோ, வாப்பா சாப்பிடுங்கோ, உம்மா சாப்பிடுங்கோ என்ற மாதிரி. அழைக்காமல் கை வைக்கிற பிள்ளை வளர்ப்புச் சரியில்லாத பிள்ளை. தெற்கில் இந்த வழக்கம் கொஞ்சம் தளர்ந்துவிட்டது என்று வடக்கத்தியர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

சஹனைச் சுற்றி ஐந்தாறு பேராக உட்கார்ந்து சாப்பிடும் நமக்கு இது புதிதா? மூத்தவர் பிஸ்மில் சொல்லித் தொடங்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்த பிள்ளைகள்தானே நாம்? இப்போது நம் வீடுகளில் ஆளுக்கொரு கோப்பையும் ஆளுக்கொரு போனுமாக மூலைக்கு மூலை இருந்து சாப்பிடுகிறோம். மரியாதை தெரியாதவர்கள் என்று யாரைப் பார்த்துச் சொல்வது?

இதையெல்லாம் சொன்னால் மூன்று கேள்விகள் வரும். வர வேண்டியவைதான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் கேள்வி: "இவ்வளவு புகழ்ந்தால் நாளைக்குப் பிள்ளைகள் அதையே சாப்பிடப் போய்விடுவார்களே?"

இங்கேதான் நாம் கவனமாக யோசிக்க வேண்டும். ஹனோயின் இன்னொரு பெயர்பெற்ற சாப்பாடு புன் சா. பன்றி இறைச்சியைக் கரி நெருப்பில் சுட்டு, மீன் சாறு, சீனி, வினாகிரி கலந்த தண்ணீரில் போட்டு, நூடில்சும் கீரை வகைகளும் சேர்த்துச் சாப்பிடுவது. 2016 மே மாதம் அன்றைய அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா ஹனோயில் ஒரு சாதாரணக் கடையில் பிளாஸ்டிக் முக்காலியில் இருந்து சாப்பிட்டாரே, அது இதைத்தான். பகல் நேரமானால் ஹனோயின் தெருக்களில் அந்தப் புகை மண்டும். அந்தப் புகை நாறாது. நல்ல வாசமாகத்தான் இருக்கும். கரியில் சுடுகிற எந்த இறைச்சியும் அப்படித்தான்.

"பன்றி நாறும், அருவருப்பு, அதனால்தான் நாம் சாப்பிடுவதில்லை" என்று மட்டும் சொல்லிக்கொடுத்து வளர்த்த பிள்ளை அந்தப் புகையில் நின்றால் என்ன நினைக்கும்? நமக்குச் சொன்னது பொய்யோ என்று நினைக்கும். "அல்லாஹ் தடுத்தான், அதனால் விட்டோம்" என்று சொல்லிக்கொடுத்து வளர்த்த பிள்ளை, வாசம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு இல்லை என்று நடந்துபோகும். அருவருப்பின் மேல் கட்டிய பேணுதல் மூக்கோடு முடிந்துவிடும். கீழ்ப்படிதலின் மேல் கட்டியது நிற்கும். நோன்பு காலத்தில் பக்கத்துக் கடையில் ரோல்ஸ் பொரிக்கிற வாசம் வரும்போது நம் பிள்ளை ரோல்ஸைத் திட்டுவதில்லையே. மஃரிப் வரை பொறுத்திருக்கிறது. பொறுமையைச் சொல்லிக்கொடுத்த நமக்கு, திட்டாமல் விலகி நிற்கச் சொல்லிக்கொடுக்க முடியாதா?

உடும்பு இறைச்சி பரிமாறப்பட்ட சம்பவத்தை மத்ரசாவில் எல்லாரும் படித்திருப்போம். நபி (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். ஹராமா என்று கேட்கப்பட்டபோது இல்லை என்றார்கள். தம் ஊரில் இல்லாதது, மனம் ஒப்பவில்லை என்பதை மட்டும் சொன்னார்கள். பக்கத்திலிருந்த காலித் பின் வலீத் (ரழி) அதைச் சாப்பிட்டார்கள். பிடிக்காததற்கு ஒரு பழிச் சொல்கூட அங்கே இல்லை. அது ஹலாலான உணவைப் பற்றியது என்று உலமாக்கள் விளக்குவார்கள். சரிதான். ஹராமை ஹராம் என்றே சொல்ல வேண்டும். ஆனால் "எனக்கு இது ஆகாது" என்பது ஒரு சட்டம். "இதைத் தின்கிறவன் மனிசனா" என்பது ஒரு வசை. முதலாவதைச் சொல்ல நமக்குக் கட்டளை இருக்கிறது. இரண்டாவதைச் சொல்ல எங்கே அனுமதி இருக்கிறது?

இரண்டாவது கேள்வி: "அவர்கள் நாயும் தின்கிறார்களே?"

வடக்கு வியட்நாமில் நாய் இறைச்சி விற்கிற கடைகள் இருக்கின்றன என்பது உண்மை. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் 2018இல் ஹனோய் நகர நிர்வாகமே நாய், பூனை இறைச்சியைக் கைவிடும்படி மக்களைக் கேட்டுக்கொண்டது என்பதும் உண்மை. வீட்டில் நாய் வளர்க்கிற இளம் பிள்ளைகள் பலர் அதை எதிர்க்கிறார்கள். அது அவர்களுக்குள் நடக்கிற விவாதம். ஒரு சனத்தின் முழுச் சமையலையும் அதில் ஒரு பகுதியினர் உண்பதை வைத்து அளப்பது, நம் முழுச் சமூகத்தையும் ஓரிருவரின் செயலை வைத்து அளப்பது போலத்தான். அப்படி அளக்கப்பட்டால் எப்படி வலிக்கும் என்று இந்த நாட்டு முஸ்லிம்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2013இல் இந்த நாட்டில் ஹலால் இலச்சினைக்கு எதிராக எவ்வளவு பெரிய பிரசாரம் நடந்தது என்று பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு பிஸ்கட் பெட்டியில் இருந்த சின்னஞ்சிறு வட்டம் நாட்டையே கைப்பற்றப் போகிற மாதிரிப் பேசினார்கள். கடைசியில் அந்த ஆண்டு மார்ச் மாதம் உள்ளூர்ச் சந்தையில் அந்த இலச்சினையை விலக்கிக்கொள்ள ஜம்இய்யத்துல் உலமா இணங்க வேண்டி வந்தது. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் என்ன நடந்தது? முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் கிடந்த ஒரு கட்டியைக் காட்டி, மலட்டு மருந்து போட்டிருக்கிறார்கள் என்று வதந்தி. கடை உடைந்தது, பள்ளிவாசல் உடைந்தது. அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாக்கட்டி என்று வந்தது. அதற்குள் நடக்க வேண்டியது நடந்து முடிந்துவிட்டது.

அந்தக் கூட்டம் ஒரே நாளில் உருவாகவில்லை. "அவன்ட சாப்பாடு அசிங்கம், அவன் சாப்பாட்டில என்னவோ இருக்கு" என்று வருடக் கணக்கில் சொல்லப்பட்ட பகிடிகளின் மேலேதான் அது வளர்ந்தது. பகிடியாக எழுதப்பட்ட "ச்சீ"கள்தான் ஒரு நாள் கல்லாக மாறின. கல்லெறி பட்டவன் மற்றவன் தட்டைப் பார்த்து "ச்சீ" சொல்லலாமா?

வியட்நாம் தூரத்து நாடு, அவர்களுக்கு நம் தமிழ் விளங்காது, எழுதினால் என்ன என்று யாரும் நினைக்க வேண்டாம். வெளிநாட்டான் தட்டைப் பார்த்துப் பழகிய வாய், நாளைக்குப் பக்கத்து வீட்டுத் தட்டையும் விட்டுவைக்காது. பல இனப் பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கிற பாடசாலைகளில் இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டி திறக்கும்போது என்ன நடக்கும் என்று கற்பிக்கிறவர்களுக்குத் தெரியும். ஒரு பிள்ளை மூக்கைப் பிடித்தால் மற்றப் பிள்ளை அடுத்த நாள் சாப்பாடு கொண்டுவராது. சில வேளை அந்த மற்றப் பிள்ளை நம் பிள்ளையாகவும் இருக்கும்.

மூன்றாவது கேள்வி, இது நல்ல கேள்வி: "சரி, அங்கே போனால் நாம் என்னதான் சாப்பிடுவது?"

மாட்டிறைச்சிதானே என்று ஃபோக் கடைக்குள் நுழைந்துவிடக் கூடாது. மாடு என்பது சரி, அறுப்பு? சூப்பு முழுக்க எலும்பில் காய்ச்சியது. ஹலால் என்று உறுதிப்படுத்தப்பட்ட கடையில் மட்டும் சாப்பிடுங்கள். இறைச்சித் துண்டை ஒதுக்கிவிட்டு நூடில்ஸை மட்டும் சாப்பிடுவோம் என்ற கணக்கும் சரிவராது.

மீன் பக்கம் கொஞ்சம் வசதி. மீன் சாறு என்பது நெத்தலியும் உப்பும்தான். மாசி நம் சம்பலுக்குச் செய்கிற வேலையை அது அவர்கள் சமையலுக்குச் செய்கிறது. ஹனோயில் சா கா என்றொரு மீன் சாப்பாடு இருக்கிறது. ஆற்று மீனை மஞ்சளில் ஊறவைத்துச் சுட்டு, மேசைக்கே அடுப்பைக் கொண்டுவந்து, சதகுப்பைக் கீரையும் வெங்காயத் தாளும் கைநிறையப் போட்டுப் பொரித்து, நூடில்சும் வறுத்த நிலக்கடலையும் சேர்த்துத் தருவார்கள். லா வோங் என்ற கடை 1871 முதல் இந்த ஒன்றையே விற்றுப் பெயர் பெற்றது. அது இருந்த வீதிக்கே சா கா வீதி என்று பெயர் மாறிவிட்டது. ஆனால் எந்தக் கடையானாலும் என்ன எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்று கேட்டே ஆக வேண்டும், பன்றிக் கொழுப்பில் பொரிக்கிற பழக்கமும் உண்டு. வயல் நண்டு விடயத்தில் நம் உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அதில் கருத்து வேறுபாடு இருக்கிறது.

"சாய்" என்ற ஒரு சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மரக்கறிச் சாப்பாடு என்று அர்த்தம். அங்கே பௌத்தர்கள் பலர் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இறைச்சி, மீன் தொடமாட்டார்கள். அதனால் சாய் என்று பலகை போட்ட கடைகள் நகரமெங்கும் இருக்கின்றன. போயாவுக்குப் பழகிய நம் நாட்டவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். இன்னொன்று, பன்றியைத் தெற்கில் "ஹெயோ" என்பார்கள், வடக்கில் "லொன்" என்பார்கள். தெற்குச் சொல்லை மட்டும் பாடமாக்கிக்கொண்டு ஹனோய்க்குப் போய் நிற்காதீர்கள்.

நமக்காக அங்கே யாரும் இல்லை என்றும் நினைக்க வேண்டாம். ஹனோயின் பழைய நகரில் ஹாங் லுவொக் வீதியில் அந்நூர் பள்ளிவாசல் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வியாபாரத்துக்குப் போன இந்திய முஸ்லிம்கள் கட்டியது. இன்றைக்கும் அந்த நகரின் ஒரே பள்ளிவாசல் அதுதான். சைகோனின் நடுவில் இருக்கிற பள்ளிவாசலை 1935இல் கட்டியவர்கள் தென்னிந்திய முஸ்லிம்கள். துணிக்கடையும் காசு மாற்றும் தொழிலும் வைத்திருந்த தமிழ் பேசும் நம் ஆட்கள் அவர்களில் இருந்தார்கள். அந்நியச் சாப்பாட்டு வாசத்தின் நடுவே பல ஆண்டுகள் வாழ்ந்தார்கள். தங்கள் பேணுதலையும் விடவில்லை, வியாபாரத்தையும் கெடுத்துக்கொள்ளவில்லை. வாடிக்கையாளரின் தட்டைப் பார்த்து மூக்கைச் சுளித்திருந்தால் ஒரு நாளாவது கடை நடத்தியிருப்பார்களா?

வியட்நாமில் முஸ்லிம்கள் எழுபதாயிரம் பேர் அளவில்தான். பெரும்பாலானவர்கள் தெற்கே வாழும் சாம் மக்கள். பத்துக் கோடிச் சனத்தில் அது ஒரு துளி. அப்படியிருந்தும் 2023 பெப்ரவரியில் அந்த அரசாங்கம் 2030 வரையான ஹலால் தொழில் வளர்ச்சித் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது. 2024இல் தேசிய ஹலால் சான்றிதழ் நிலையத்தைத் தொடங்கியது. வியாபாரக் கணக்குத்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பன்றி இறைச்சியை அன்றாடம் உண்கிற ஒரு சனம், நாம் உண்ணாததை மதித்து நமக்கென்று ஒரு சான்றிதழ் முறையை உருவாக்குகிறது. நாம் அவர்கள் உண்பதை மதித்து ஒரு சொல்லை அடக்கக் கூடாதா?

ஆகவே உறவுகளே, பெற்றோருக்கும் சக ஆசிரியர்களுக்கும் மூன்று விடயங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்று, பிள்ளைகளுக்கு ஹராமைச் சொல்லிக்கொடுக்கும்போது காரணத்தைச் சரியாகச் சொல்லிக்கொடுங்கள். நாற்றம், அழுக்கு, அருவருப்பு என்று குறுக்குவழி போகாதீர்கள். ஏவல், விலக்கல் என்றே சொல்லுங்கள். பிள்ளைக்கு அது விளங்கும்.

இரண்டு, மற்றவர் சாப்பாட்டைக் கேலி செய்யும் காணொளி உங்கள் குழுவுக்கு வந்தால் அதை அடுத்த குழுவுக்கு அனுப்பாதீர்கள். சிரிப்புப் பொம்மை போடாதீர்கள். முடிந்தால் அனுப்பியவருக்குத் தனியாக ஒரு வார்த்தை சொல்லுங்கள். சபையில் வைத்து அவமானப்படுத்த வேண்டாம்.

மூன்று, மறுக்கிற முறையைப் பழக்குங்கள். மற்றச் சமூகத்துக் கூட்டாளியின் வீட்டிலோ, வேலைத்தலத்திலோ, வெளிநாட்டிலோ நமக்கு ஆகாத ஒன்றை அன்போடு நீட்டினால், நெஞ்சில் கை வைத்து, சிரித்த முகத்தோடு, "மன்னிக்கணும், எங்கட மார்க்கத்தில இது இல்ல. நீங்க சாப்பிடுங்க, நான் பக்கத்தில இருக்கன்" என்று சொன்னால் போதும். கோபிக்கிறவர் உலகத்தில் அதிகம் இல்லை. பல பேர் எழுந்துபோய் ஒரு வாழைப்பழமாவது கொண்டுவந்து தருவார்கள்.

அல்லாஹ் நம் வயிற்றையும் நாவையும் சேர்த்தே காப்பானாக.